கேஜும் கிணறும்: சூடான் ராணுவ ரயில்பாதையின் எஞ்சின்கள், 1897–98

ஓம்துர்மான் போரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மாக்சிம் துப்பாக்கியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். 1898 செப்டம்பர் 2 அன்று சூடானை ஆண்ட மஹ்தியரின் படையில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ்-எகிப்தியப் படைத்தலைவர் கிச்சனர் தரப்பில் 48 பேர். இந்த ஏற்றத்தாழ்வுக்குத் துப்பாக்கி காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியும் குண்டும் உணவும் நூபியப் பாலைவனத்தைக் கடந்தது எப்படி? சிவில் ரயில்வேக்களுக்கென இருந்த நீராவி எஞ்சின்களைப் போருக்கு இழுத்துக்கொண்டதால்தான் கடந்தன என்பது என் வாதம்.

வாடி ஹல்ஃபாவுக்கும் அபு ஹமதுக்கும் இடையே நைல் பெருவளைவாகச் சுற்றிப் போகிறது. வழிநெடுகப் படகை மறிக்கும் பாறைகள். கிச்சனர் ஆற்றை விட்டுவிட்டு, 1897 ஜனவரியில் பாலையின் குறுக்கே சுமார் 230 மைல் பாதையைத் தொடங்கினார். பொறுப்பேற்றவர் ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரியான கனடாக்காரர் பெர்சி ஜிரோவார்.

பாதையின் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 3 அடி 6 அங்குலம். நம் பழைய மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலம். எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயில் காலத்தில் ஹல்ஃபாவில் போட்ட பாதையின் அளவும் அதுவே. கெய்ரோவின் முதன்மைப் பாதைகளோ 4 அடி 8½ அங்குலம். ஆகவே அங்கு ஓடிய எஞ்சின்கள் இங்கே பயன்படவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் இதே 3 அடி 6 அங்குலம். எஞ்சின் வாங்க இங்கிலாந்து சென்ற ஜிரோவார், தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பவிருந்த கனரக எஞ்சின்கள் சிலவற்றை அங்கே செல்வாக்கு மிக்கவரான செசில் ரோட்ஸிடமிருந்து இரவலாகப் பெற்றார். வணிகத்துக்கான எஞ்சின்களைப் போருக்குத் திருப்ப இந்தக் கேஜ் ஒற்றுமையே போதுமானதாக இருந்தது.

ஆனால் எஞ்சின் ஓடத் தண்ணீர் வேண்டும். பாலையில் தண்ணீர் இல்லையென்றால், போகவும் திரும்பவும் வேண்டியதை ரயிலே சுமக்க வேண்டும். பாதை நீள நீளத் தொட்டிகள் பெருகும். தண்டவாளத்துக்கும் உணவுக்கும் இடம் சுருங்கும். ஒரு கட்டத்தில் ரயில் தனக்கான தண்ணீரைச் சுமப்பதற்காகவே ஓடும். 77ஆம் மைலிலும் 126ஆம் மைலிலும் தோண்டிய கிணறுகளில் ஊற்று கண்டதால்தான் இந்தக் கணக்கு மாறியது. எதிரியின் கோட்டை ஒன்றைப் பிடித்ததைவிட இந்த இரு கிணறுகளையே நான் பெரிதாக மதிப்பேன். 1897 ஆகஸ்ட் 7 அன்று கிச்சனரின் தளபதி ஹன்டரின் படை அபு ஹமதைப் பிடித்தது. அக்டோபர் 31-இல் தண்டவாளம் அங்கே சேர்ந்தது. பின்னர் பீரங்கிப் படகுகள்கூடப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு இந்த வழியே போயின.

ஸ்லீப்பரும் தண்டவாளமும் சுமந்த தோள்கள் யாருடையவை என்பதையும் சொல்லியாக வேண்டும். எகிப்திய உழவர்களும் டிங்கா மக்களும் மட்டுமல்ல, பிடிபட்ட மஹ்தியக் கைதிகளும் அதில் இருந்தார்கள். தம்மவரை நோக்கிப் போகும் படைக்கான பாதையை அவர்களே போட நேர்ந்தது. இது காலனியப் போரின் கொடுமைகளுள் ஒன்று.

எஞ்சின்களைப் போருக்குத் திருப்பும் இந்த முறை சூடானோடு முடியவில்லை. 1899-இல் போயர் போர் மூண்டதும் ஜிரோவார் தென்னாப்பிரிக்காவில் ராணுவ ரயில்வேயின் இயக்குநரானார். அங்கேயும் 3 அடி 6 அங்குலப் பாதைதான். டிரான்ஸ்வாலில் டச்சுக் கம்பெனி ஒன்று ஓட்டிவந்த எஞ்சின்கள் கைப்பற்றப்பட்டு, இம்பீரியல் மிலிட்டரி ரயில்வேஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் படைக்காக ஓடின.