இறந்தவரின் தொழில்சொத்து: வாரிசுரிமை வழக்குகள்

உயில் எழுதாமல் இறந்தவர் விட்டுச்சென்ற கடை, பட்டறை, லாரி, கூட்டு வியாபாரப் பங்கு ஆகியவற்றில் யாருக்கு என்ன பாத்தியதை என்று குடும்பத்துக்குள் நடக்கும் வழக்குகள் இவை. ‘ஃபேமிலி கோர்ட்டில் கேஸ் நடக்கிறது’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் தவறு. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 7ஆம் பிரிவில், சொத்துத் தகராறுகளில் கணவன் மனைவிக்கு இடையிலானவற்றை மட்டுமே அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. அண்ணன் தம்பி, தாய் மகன், நாத்தனார் அண்ணி என்று வரும் பாகப்பிரிவினை வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தைச் சேர்ந்தது. கம்பெனிப் பங்குகளையும் நிர்வாகத்தையும் பற்றிய பல தகராறுகள் தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

வடசென்னையின் மணலி புதுநகர் போன்ற ஊர்களில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. ஒரு பக்கம் 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மறுபக்கம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். இடையே கன்டெய்னர் லாரிகளும் அவற்றை நம்பிய டயர் கடை, வெல்டிங் பட்டறை, மளிகைக் கடைகளும். பலவும் ஒரே ஆளின் பெயரில் ஓடுபவை. அவர் கண்ணை மூடியதும் பேச்சு வீட்டைப் பற்றி எழுவதற்கு முன் வண்டியைப் பற்றி எழுகிறது. காரணம், மோட்டார் வாகனச் சட்டம் தரும் கெடு அவ்வளவு குறுகியது. 30 நாளுக்குள் இறப்பைத் தெரிவித்தால் மூன்று மாதம் வரை பழைய பர்மிட்டில் ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்ற வேண்டும். யார் பெயருக்கு என்பதில்தான் முதல் சண்டை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அடக்கிவைத்த கோபமெல்லாம் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்கும்போது வெளிவரும்.

தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சொத்தே கைக்கு வந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். வாரிசுகள் யார் யார் என்பதை மட்டுமே அது காட்டும். உரிமை மூலம் ஆகாது. நாமினியாகப் பெயர் இருப்பதும் அப்படியே. கம்பெனிப் பங்குகளில் நாமினி முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று சல்காவ்கர் குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாக்கியது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் சுயசம்பாத்தியம் தாய், மனைவி, மகன்கள், மகள்களுக்குச் சமமாகப் போகும். தந்தை முதல் வகுப்பில் இல்லை. தாயின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லாரி உரிமையாளர் ஒருவர் தாய், மனைவி, இரு மகன்கள், ஒரு மகளை விட்டு இறந்தால் ஐந்து பங்கு. அந்தப் பாட்டியும் உயில் இல்லாமல் காலமானால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்கெல்லாம் போகும். பெரியப்பாவும் அத்தையும் வியாபாரத்தில் பங்காளிகளாகிவிடுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இஸ்லாமியர்களுக்கு ஷரியத்தும் பொருந்தும்.

கூட்டு வியாபாரத்தில் கணக்கு வேறு. இரண்டே பங்குதாரர்களில் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், அந்தக் கூட்டு அத்துடன் முடிந்துவிடும். வாரிசுக்குக் கிடைப்பது கணக்குத் தீர்த்த பங்குதான். அதில் கடைப் பெயரின் மதிப்பான குட்வில்லும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் கூறியது.

பங்கைச் சொல்வது சட்டத்துக்கு எளிது. ஓடுகிற தொழிலை என்ன செய்வது என்பதில்தான் அது தடுமாறுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இறந்தவர் நடத்திய தொழிலை நேரடியாகவே குறிப்பிடுகிறது: ஒரு வாரிசு தன் பங்கை விற்க முன்வந்தால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை, விலை படியாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். யாருமே விற்க முன்வராமல், மூத்தவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கணக்கே காட்டாதபோது இந்தப் பிரிவால் பயன் இல்லை. ஒருவர் வசம் இருப்பது எல்லோர் சார்பிலும் இருப்பதே என்பது சட்டக் கொள்கை. நடைமுறையில் தாமதத்தின் லாபம் கல்லாவுக்கே. சொத்து யார் வசம் என்பது நீதிமன்றக் கட்டணத்திலும் எதிரொலிக்கிறது. கூட்டு அனுபவத்தில் இருப்பதாக மனு போட்டால் நிலையான சிறு கட்டணம். வெளியேற்றப்பட்டவர் என்றால் பங்கின் சந்தை மதிப்பில் சதவீதக் கட்டணம். அதனால் எதிர்த்தரப்பு முதலில் மறுப்பது பெரும்பாலும் வழக்குப் போட்ட தங்கையின் கூட்டு அனுபவத்தைத்தான்.

பெரிய வீடுகளிலும் இதே கதைதான். திருவொற்றியூரில் ஆலை வைத்திருக்கும் கார்போரண்டம் யுனிவர்சல், முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தது. குழுமத்தின் முன்னாள் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அவர் குடும்பத்துக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. அந்தப் பங்கை யாரும் மறுக்கவில்லை. மகள் வள்ளி அருணாச்சலம் கேட்டது இயக்குநர் குழுவில் ஓர் இடம், இல்லாவிட்டால் குடும்பத்தின் மற்றவர்கள் அந்தப் பங்குகளை நியாய விலைக்கு வாங்கிக்கொள்வது. 2020இல் பங்குதாரர்கள் அவரை இயக்குநராக்க மறுத்தனர். விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போய், 2023 ஆகஸ்டில் குடும்ப உடன்பாட்டில் முடிந்தது.

உடன்பாடு வராத சிறு குடும்பங்களுக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கின் அளவைச் சொல்லும். பிறகு ஆணையர் வந்து அளந்து மதிப்பிட்டபின் இறுதித் தீர்ப்பாணை. இரண்டுக்கும் இடையே வருடங்கள் ஓடுவதைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் வாரிசுகள் தனி மனு போடும்வரை காத்திராமல் விசாரணை நீதிமன்றமே வழக்கைத் தொடர வேண்டும் என்று 2022 ஜூனில் உத்தரவிட்டது. கூறுபோட முடியாத சொத்தானால், பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம். மற்றப் பங்குதாரர் மதிப்பீட்டு விலைக்கு அதை வாங்கிக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது.