நீலமா, மஞ்சளா? மரப்பட்டறைகள் ஒரே பிராண்டை விடாதது ஏன்?

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் உள்ள சின்ன மரப்பட்டறைகளில் மெஷின்களின் நிறமே கம்பெனியைச் சொல்லிவிடும். நீலம் ஜெர்மனியின் போஷ் (அதே கம்பெனியின் பச்சை, வீட்டு உபயோகத்துக்கு). மஞ்சள் அமெரிக்காவின் டிவால்ட். பச்சை கலந்த நீலம் ஜப்பானின் மகிடா.

இது வெறும் அபிமானமா?

இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ, ஆர்மேச்சர் புகைந்தாலோ அன்றைய வேலை நின்னுடும், கூலியும் போச்சு. பக்கத்துக் கடையில் ஸ்பேர் கிடைப்பதுதான் நல்ல மெஷின்.

பேட்டரி மெஷின்கள் வந்தபின் பிடி இன்னும் இறுகியது. எல்லாமே 18 வோல்ட் என்றாலும், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் பொதுவாக மாட்டாது. முதல் டிரில்லை வாங்கும்போதே அடுத்த நாலு மெஷினும் முடிவான மாதிரிதான்.

மார்பிள் கட்டர் ஆபத்தா?

பிராண்டைவிட முக்கியமான கேள்வி இது. கல் வெட்டச் செய்த 4 இன்ச் மெஷின். விலை குறைவு என்பதால் மர பிளேடைப் பூட்டி பிளைவுட் அறுக்கிறார்கள். சர்க்குலர் சாவில் பிளேடின் அடிக்கவர் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் கீழ்ப்பாதி திறந்தே கிடக்கும். பலகை பிளேடை இறுக்கினால் மெஷின் பின்னால் துள்ளும்; விரல் போகலாம். கையில் காசு சேர்ந்தால், நிறம் மாற்றும் முன் வாங்க வேண்டியது சர்க்குலர் சா.