மாதிரி விமானங்களில் அலைக் குறுக்கீடு: அதிர்வெண் பலகையிலிருந்து அலைவரிசைப் பங்கீடு வரை

ஆவடி – பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பருத்திப்பட்டைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. அங்கு ஒரு மாணவர் குழு செய்யும் சிறு ட்ரோனில் இன்று நான்கு வானொலிக் கருவிகள் இருக்கலாம்: 2.4 கிகாஹெர்ட்ஸில் கட்டளை பெறும் ரிசீவர், 5.8 கிகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும் கருவி, 433 அல்லது 865 மெகாஹெர்ட்ஸில் தரவு அனுப்பும் கருவி, 1575.42 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கேட்கும் ஜிபிஎஸ். ஒரு காலத்தில் இரு விமானங்களுக்கு இடையே இருந்த குறுக்கீடு இன்று ஒரே விமானத்துக்குள் குடியேறிவிட்டது. இந்தக் கட்டுரை அந்த இடமாற்றத்தைத் தொடர்கிறது.

அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் சகோதரர்கள் 1937இல் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை வானொலி மூலம் இயக்கினர். அக்கால எளிய ரிசீவர்களுக்கு அருகருகே உள்ள அதிர்வெண்களைப் பிரித்தறியத் தெரியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு விமானம் மட்டுமே பறக்க முடிந்தது. இந்தியாவிலோ 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, வானொலிக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. என்சிசி விமானப் பிரிவு மாணவர்கள் கம்பியில் கட்டிச் சுழலவிட்ட விமானங்களுக்கு இந்த இரு தொல்லைகளுமே இல்லை.

1960களில் கிரிஸ்டல் பொருத்திய, கூர்மையாகத் தேர்ந்தெடுக்கும் ரிசீவர்கள் பரவின. 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியை ஆறு நிறங்களாகப் பிரித்து, ஆன்டெனாவில் அந்த நிறக் கொடியைக் கட்டினார்கள். மைதான ஓரத்துப் பலகையில் தன் அதிர்வெண்ணுக்குரிய கவ்வியை எடுத்தவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக முக்கியமான கருவி அந்தப் பலகைதான். குறுக்கீட்டைத் தடுத்தது மனிதர்களின் ஒழுங்கு. அது மைதானத்துக்கு வெளியே செல்லாது என்பதை 1970களில் அமெரிக்காவில் பெருகிய, அதே 27 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்கள் பேசிய சிபி ரேடியோக்கள் காட்டின. விமானங்கள் வேறு பட்டைகளுக்கு நகர்ந்தன: அமெரிக்காவில் 72, பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ்.

அடுத்த திருப்பம் 2005. அந்த ஆண்டு வந்த ‘ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ்6’ என்ற டிரான்ஸ்மிட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் காலியான இரண்டு இடங்களைத் தானே தேடிப் பிடித்தது. தன்னோடு இணைத்த டிரான்ஸ்மிட்டரின் அடையாளக் குறியீட்டை மட்டுமே ரிசீவர் ஏற்றது. பலகையின் வேலையை நிரல் எடுத்துக்கொண்டது. இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிம விலக்கு அளித்ததும் அதே 2005 ஜனவரியில்தான். வைஃபைக்கு வழிவிட்ட விதி, மாதிரி விமானக்காரர்களுக்கும் பயன்பட்டது.

இந்தத் தீர்வு விமானத்துக்குள் உள்ள சிக்கலைத் தொடவில்லை. ஒரு டிரான்ஸ்மிட்டர் தன் அதிர்வெண்ணின் இரு மடங்கிலும் சிறிது ஆற்றலைக் கசியவிடும். தொலைவில் அது பொருட்டல்ல. ஒரு சாண் தள்ளி ரிசீவர் இருந்தால் பொருட்டுதான். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு 2005இலும், 433–434க்கு 2012இலும் விலக்கு கிடைத்தது. 433–434இன் இரு மடங்கு 866–868. முந்தைய பட்டையோடு அது பாதியளவே மோதியது. 2021இல் அந்தப் பட்டை 868 வரை நீட்டப்பட்டபோது மோதல் முழுமையானது. தரவுக்கு 433, கட்டளைக்கு 865 என்று ஒரே சட்டகத்தில் பொருத்துவது சட்டப்படி சரி, பொறியியல்படி தவறு. இரண்டில் ஒன்றை 2.4க்கு மாற்றுவதே நல்லது. ஜிபிஎஸ் நிலைமை இன்னும் மோசம்: அதன் சமிக்ஞை மிகமிக மெலிந்தே தரையை எட்டுவதால், கேமராவின் மின்னிரைச்சலே அதை மூழ்கடித்துவிடும். ஜிபிஎஸ்ஸைத் தண்டு வைத்து உயர்த்துவதும், கேமராவைச் செப்புத் தகட்டால் மூடுவதும் இதனால்தான்.

வெளிநாட்டுப் பாகங்களால் வரும் கேடு தனி. அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படும் 902–928 மெகாஹெர்ட்ஸுக்காகச் செய்த ‘915’ கருவிகள் இங்கும் வாங்கப்படுகின்றன. இந்தியாவில் அதே பட்டையின் 915 வரையிலான பகுதியில் கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசுகின்றன. அடுக்குமாடிகள் பெருகிய பருத்திப்பட்டில் அத்தகைய கருவியை இயக்குவது அக்கம்பக்கத்தாரின் அழைப்பைக் கெடுக்கலாம், அது சட்டமீறலும்கூட. படைத்துறை ஆலைகளும் விமானப்படை நிலையமும் உள்ள ஆவடி வட்டாரத்தில், ட்ரோன் பறக்கத் தகுந்த இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் மேலே அனுப்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அனுமதியுள்ள இடத்தில் பறக்கும் முன், டிரான்ஸ்மிட்டரின் திறனைக் குறைத்து நடந்து பார்க்கும் தூரச் சோதனையைப் பலர் ரிசீவரை மட்டும் இயக்கிச் செய்கிறார்கள். படம், தரவு, ஜிபிஎஸ், மோட்டார் அனைத்தும் ஓடும்போது மறுபடி செய்து, இரு தூரங்களையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது தூரம் வெகுவாகக் குறைந்தால் குறுக்கிடும் கருவி அந்த விமானத்திலேயே இருக்கிறது.