கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருத்தலம்

கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருத்தலம் என்பது தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பகுதியில் அமைந்துள்ள கத்தோலிக்கத் திருத்தலம் ஆகும். இது நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியத்திற்கு மேற்கே, மங்கலம்பேட்டைக்கு அருகில் உள்ளது. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இக்கோயில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயேசு சபைத் துறவியும் தமிழறிஞருமான வீரமாமுனிவரால் உருவாக்கப்பட்டது. இயேசுவின் தாய் மரியா இங்கே தமிழ்ப் பெண்ணின் கோலத்தில், 'பெரியநாயகி' என்னும் தமிழ்ப் பெயரால் போற்றப்படுகிறார். விவிலியம், புனிதர் வரலாறு, அன்றாட பக்தி ஆகிய மூன்றும் தமிழ் மரபுக்குள் எவ்வாறு இடம்பெற்றன என்பதை அறிய இத்தலம் சிறந்த சான்றாக விளங்குகிறது.

வீரமாமுனிவர்

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்சுடன்சோ யோசேப்பு பெசுகி. இவர் 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் காசுதிக்லியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698 இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710 இல் கோவாவை வந்தடைந்தார். அடுத்த ஆண்டில் மதுரை மறைப்பணித் தளத்தில் பணியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுத் துறவியரைப் போலக் காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு வாழ்ந்தார். தொடக்கத்தில் தைரியநாதர் என்று பெயர் கொண்டிருந்த இவர், பின்னர் வீரமாமுனிவர் என்று வழங்கப்பட்டார். 1747 இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் காலமானார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

கோணான்குப்பமும், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியும் இவருடைய பெயரோடு பிரிக்க இயலாதபடி இணைந்த இரு தலங்களாகும். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கு மரியாவை அடைக்கல மாதாவாகப் போற்றினார்.

தோற்ற மரபு

கோயில் எழுந்த வகை பற்றி இப்பகுதியில் ஒரு செவிவழி மரபு வழங்கி வருகிறது. அதன்படி, வீரமாமுனிவர் காட்டு வழியே செல்லும்போது தாம் கொண்டுவந்த மரியாவின் உருவத்தை ஓரிடத்தில் வைத்து இளைப்பாறினார். மாடு மேய்த்த சிறுவர்கள் விளையாட்டாக அதை எடுத்துப் புதரில் மறைத்துவிட்டனர். பின்னர், குழந்தைப்பேறு இல்லாமல் வருந்திய முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயருக்கு அன்னை தோன்றி, தமக்கு ஒரு கோயில் எழுப்புமாறு கேட்டார். அவருக்குக் குழந்தை பிறந்தது; கோயிலும் எழுந்தது.

இந்தக் கதையை வரலாற்று ஆவணமாகக் கொள்ள இயலாது. எனினும் கிறித்தவர் அல்லாத ஒரு பாளையக்காரரைக் கோயிலின் தோற்றத்தோடு அது இணைக்கிறது. திருவிழாவில் கச்சிராயர் குடும்பத்தினருக்கு மரியாதை செய்யும் வழக்கத்திற்கு இம்மரபே அடிப்படையாகும்.

பெயர்க் காரணம்

விருத்தாசலத்தில் உள்ள பழமலைநாதர் கோயிலின் அம்மன் விருத்தாம்பிகை, பெரியநாயகி என்றும் அழைக்கப்படுகிறார். கடலூர் பாடலீசுவரர் கோயிலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் அம்மனுக்கு இப்பெயரே வழங்குகிறது. ஐரோப்பியக் கத்தோலிக்கர் மரியாவைத் தம் மொழிகளில் 'எங்கள் தலைவி' என்ற பொருள்படும் சொற்களால் அழைப்பர். இதற்கு இணையாக வீரமாமுனிவர் புதுச்சொல் எதையும் படைக்கவில்லை. அவ்வட்டார மக்கள் நாள்தோறும் வழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டார்.

திருச்சிலை

வீரமாமுனிவர் தமிழ்ப் பெண்ணின் உடையும் அணிகலன்களும் கொண்ட மரியாவின் படம் ஒன்றை வரையச் செய்து, அதைப் பிலிப்பீன்சு நாட்டின் மணிலாவுக்கு அனுப்பிச் சிலை செய்வித்து வரவழைத்தார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கையில் குழந்தை இயேசுவை ஏந்திய இவ்வன்னைக்குப் புடவை உடுத்துவதும் அணிகள் பூட்டுவதும் வழக்கமாகும். ஐரோப்பிய முகச்சாயலோடு அமைந்த மரியாவின் உருவங்களே பெருவழக்காக இருந்த காலத்தில் இது புதுமையான முயற்சியாகும்.

தேம்பாவணி

வீரமாமுனிவரின் பக்தி நூல்களுள் தலையாயது தேம்பாவணி என்னும் காப்பியமாகும். இது 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 விருத்தப் பாக்களும் கொண்டது. மரியாவின் கணவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமான புனித சூசையே இதன் பாட்டுடைத் தலைவர். எபிரேய மொழியில் அவர் பெயருக்குப் 'பெருகுதல்' என்னும் பொருள் இருப்பதால், அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். இவ்வாறே திருமுழுக்கு யோவானைக் 'கருணையன்' என்றார். நூலின் பெயரைத் 'தேம்பா அணி' என்று பிரித்தால் வாடாத மாலை என்றும், 'தேன் பா அணி' என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் பொருள்படும்.

நற்செய்தி நூல்களில் சூசையைப் பற்றிய செய்திகள் மிகக் குறைவு. அவர் பேசியதாக ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப வீரமாமுனிவர் மூன்று வழிகளைக் கையாண்டார்.

* எசுப்பானியத் துறவி ஆகிர்தா மரியா எழுதிய 'கடவுளின் மறைபொருள் நகரம்' என்னும் நூலிலிருந்து பல செய்திகளை எடுத்துக்கொண்டார்.
* தாவீது கோலியாத்தை வென்றது போன்ற பழைய ஏற்பாட்டு வரலாறுகளைக் கிளைக்கதைகளாகப் புகுத்தினார்.
* நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ்க் காப்பிய இலக்கணத்தைப் பின்பற்றி யூதேயாவை மருதவளம் மிக்க நாடாகப் பாடினார்.

இதன் பயனாக, எழுத்தறியாதோரும் பிறர் படிக்கக் கேட்டு விவிலியக் கதைகளை அறிய வழி ஏற்பட்டது. நெடுங்காலம் ஓலைச்சுவடிகளில் வழங்கிய தேம்பாவணி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியில் அச்சாயிற்று. இன்று கருணையன் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்து புலம்பும் பகுதி, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது.

பிற பக்தி நூல்கள்

புனிதர் வரலாற்றைத் தமிழில் வழங்கும் முயற்சி வீரமாமுனிவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. என்றிக்கே என்றீக்கசு அடிகளார் 1578 இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூலையும், 1586 இல் புனிதர் வாழ்க்கைகளைக் கூறும் 'அடியார் வரலாறு' என்னும் நூலையும் தமிழில் அச்சிட்டார்.

வீரமாமுனிவர் கற்றோருக்கும் பொதுமக்களுக்கும் தனித்தனி வடிவங்களைத் தேர்ந்தெடுத்தார். திருக்காவலூர்க் கலம்பகம் புலவர் மரபைச் சார்ந்தது. சிலுவையடியில் மரியா அடைந்த துயரத்தை 'அன்னை அழுங்கல் அந்தாதி' பாடுகிறது. புனித கித்தேரியாவின் வரலாற்றைக் கூறும் 'கித்தேரியம்மாள் அம்மானை', ஊர்களில் கூடியிருந்து பாடுவதற்கு ஏற்ற எளிய நடையில் அமைந்தது. மறைக்கல்வி கற்பித்த உபதேசியார்களின் நடத்தைக்கு வழிகாட்டியாக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். குருவானவர் ஆண்டில் சில நாட்களே வந்து செல்லக்கூடிய ஊர்களில், செபங்களைச் சொல்லிக்கொடுப்பதும் நோயாளிகளைச் சந்திப்பதும் உபதேசியார்களின் பொறுப்பாக இருந்தன.

இதே காலத்தில் தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர்கள் வேறொரு பாதையில் சென்றனர். சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முடிந்தது. விவிலியத்தின் மூலத்தை அப்படியே மக்கள் கையில் கொடுப்பது அவர்களின் நோக்கம். வீரமாமுனிவர் அவர்களை மறுத்து 'வேத விளக்கம்' முதலிய நூல்களை எழுதினார். தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் முழு விவிலியம் பரவலாக இடம்பெறப் பிற்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995 இல் வெளிவந்தது.

மலபார் சடங்குகள் பற்றிய விவாதம்

உள்ளூர் வழக்கங்களைக் கிறித்தவ வாழ்வில் எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பது வீரமாமுனிவர் காலத்தில் கடும் விவாதமாக இருந்தது. திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704 இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, மதுரைப் பணித்தளத்தில் நிலவிய பல வழக்கங்களைத் தடை செய்தது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்டு 1744 இல் இத்தடையை உறுதிப்படுத்தினார். மறைப்பணியாளர் இது குறித்து எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940 இல்தான் நீக்கப்பட்டது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் மொழியையும் பண்பாட்டையும் வழிபாட்டில் ஏற்பதற்கு வழிவகுத்தது.

இந்த விவாதத்திற்கு இரு பக்கங்கள் உண்டு. பெயர், உடை, இலக்கியம் ஆகியவற்றை ஏற்றுக்கொண்ட அதே அணுகுமுறை, சாதி வேற்றுமையையும் பெருமளவுக்கு ஏற்றுக்கொண்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி இருக்கை, தனிக் கல்லறை முதலிய வழக்கங்கள் தமிழகக் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் நீடித்தன. இவற்றுக்கு எதிராகத் தலித் கிறித்தவர்கள் இயக்கமாகப் போராடி வருகின்றனர்.

திருவிழா

ஆண்டுத் திருவிழா சனவரியில், பொங்கலை ஒட்டிக் கொடியேற்றத்துடன் தொடங்கி, சனவரி 23 அன்று தேர்ப்பவனியில் நிறைவடைகிறது. இடைப்பட்ட நாட்களில் நவநாள் செபங்களும் மறையுரைகளும் திருப்பலிகளும் நடைபெறுகின்றன. மொட்டை அடித்தல், குழந்தைப்பேறு வேண்டித் தொட்டில் கட்டுதல் முதலிய நேர்த்திக்கடன்களை நிறைவேற்ற மக்கள் வருகின்றனர். சுற்றுவட்டார இந்துக்களும் இவ்விழாவில் பெருமளவு பங்கேற்கின்றனர். சனவரி 23 பழைய கத்தோலிக்க நாட்காட்டிகள் பலவற்றில் மரியா-சூசை திருமண ஒப்பந்த விழாவாகும் என்பது குறிப்பிடத்தக்கது. பெரியநாயகியின் விழாவும் தேம்பாவணித் தலைவரின் நினைவும் இந்நாளில் ஒன்றுசேர்கின்றன.

அன்றாட பக்தியும் நெய்வேலியும்

திருவிழாவுக்கு வெளியே இப்பகுதிக் கத்தோலிக்கரின் பக்தி, வீட்டையும் பங்குக் கோயிலையும் மையமாகக் கொண்டது. அதன் பொதுவான வடிவங்கள் வருமாறு:

* காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் சொல்லப்படும் மூவேளைச் செபம்.
* இரவில் குடும்பத்தினர் கூடிச் சொல்லும் செபமாலை. அக்டோபர் மாதம் இதற்குச் சிறப்பாக ஒதுக்கப்பட்டுள்ளது.
* செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோணியார் வணக்கமும், சனிக்கிழமைகளில் மாதா வணக்கமும்.
* தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை.
* நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரித்து, இறந்தோரை நினைவுகூர்தல்.
* நாள்தோறும் திருப்பலிக்குரிய விவிலிய வாசகங்களைப் படித்தல்.

நெய்வேலி நகரியம் இதற்கு மற்றொரு சூழலை அளித்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 இல் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்குக் குடியேறின. சொந்த ஊர்க் கோயிலையும் உறவினர் கல்லறைகளையும் விட்டு வந்தவர்களுக்கு, வீட்டில் செய்யும் செபமும் அருகிலுள்ள திருத்தலமும் ஊருக்கு மாற்றாக அமைந்தன. முறைமாற்றுப் பணியில் இருப்போர் எல்லா நாட்களிலும் பொது வழிபாட்டில் பங்கேற்க இயலாது என்பதால், செபமாலை போன்ற எளிய பக்தி முயற்சிகள் அவர்களுக்குப் பொருத்தமாகின்றன.

தொழிலாளர் நகரியமான நெய்வேலிக்குப் புனித சூசை பொருத்தமான புனிதரும் ஆவார். நாசரேத்தூர்த் தச்சரான அவரைத் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டு, திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு 1955 இல் மே 1 அன்று விழா ஏற்படுத்தினார். நெய்வேலி நிறுவனம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்பு இது நிகழ்ந்தது. திருத்தந்தை பிரான்சிசு 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைப் புனித யோசேப்பு ஆண்டாக அறிவித்தார். விவிலியத்தில் ஒரு சொல்லும் பேசாத இத்தொழிலாளியை ஒரு பெருங்காப்பியத்தின் தலைவராக்கிய தமிழ் நூல், அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்தது.

இவற்றையும் பார்க்க

* வீரமாமுனிவர்
* தேம்பாவணி
* ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலம்
* புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம்
* நெய்வேலி