இறந்தவர் பெயர் யாருக்குச் சொந்தம்?

ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆனால், கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால்கூட வீட்டில் பதில் இருக்காது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேடிப் போக ஒரே இடம், சொந்த ஊர்ப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அந்தப் பதிவேட்டை வெளியாருக்குக் காட்டலாமா என்பதில் பெரிய தகராறே நடந்திருக்கிறது.

கத்தோலிக்கக் கோயில்கள் எல்லாவற்றிலும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைக்கச் சொன்னது 1563-ல் திரிதெந்து பொதுச்சங்கம். பல நாடுகளில் அரசாங்கம் பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியதே அதற்குப் பல தலைமுறை கழித்துத்தான். அதனால் சாதாரணக் குடியானவனின் பெயர் இருக்கும் ஒரே காகிதம் பெரும்பாலும் இதுதான்.

இவற்றைப் படமெடுத்துச் சேர்த்தவர்கள் அமெரிக்காவின் மார்மன் சபையார். 1894-ல் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். 1938 முதல் மைக்ரோபிலிம். சால்ட் லேக் சிட்டி அருகே மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் சுமார் 24 லட்சம் சுருள்கள் சேர்ந்தன. ஹரித்வார் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளைக்கூட விடவில்லை!

எதற்கு இவ்வளவு சிரமம்? ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்காக, உயிரோடு இருப்பவர் பதிலாக நின்று பெறலாம் என்பது 1840 முதல் அவர்கள் கொள்கை. அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்கிறார்கள். அதற்குப் பெயர் வேண்டும், தேதி வேண்டும்.

இங்கேதான் சிக்கல். மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-லேயே வத்திக்கான் சொல்லிவிட்டது. 2008 ஏப்ரலில், பங்குப் பதிவேடுகளைப் படமெடுக்க அந்தச் சங்கத்துக்கு இடம் தரக்கூடாது என்று உலகெங்கும் உள்ள ஆயர்களுக்குக் கடிதம் போனது. தவறான சடங்குக்கு நாமே துணைபோகக் கூடாது என்பது காரணம்.

யூதர்களின் வலி இன்னும் ஆழம். யூதர் என்பதற்காகவே ஹிட்லரின் முகாம்களில் கொல்லப்பட்டவர்களுக்கு இந்தச் சடங்கு நடந்தது தெரிந்து கொதித்துப் போனார்கள். 1995-ல் உடன்பாடு ஏற்பட்டு, சுமார் 3,80,000 பெயர்கள் நீக்கப்பட்டன. அப்படியும் 2012-ல் சைமன் வீசெந்தாலின் பெற்றோர் பெயர் வந்து, சபை மன்னிப்புக் கேட்டது.

இதைப் புரிந்துகொள்ள நாம் வேதசாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்கிறோமே, அந்தப் பெயர்களை முன்பின் தெரியாத ஒருவர் வேறு மதச் சடங்கில் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

வங்கியில் லெட்ஜர் எங்களுடையது, அதில் உள்ள விவரம் வாடிக்கையாளருடையது. அவர் காலமானால் நாமினியோ வாரிசோ வர வேண்டும். கோயில் பதிவேட்டில் இருப்பவருக்கு நாமினி கிடையாது. பூட்டி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு நஷ்டம். திறந்து விட்டால் இறந்தவரிடம் சம்மதம் கேட்க வழியில்லை.

பூட்டுவதிலும் ஆபத்து உண்டு. 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, அங்கே சேர்த்து வைத்திருந்த அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபைப் பதிவேடுகள் ஏராளமாகச் சாம்பலாயின. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. அவற்றை அயர்லாந்து தேசிய நூலகம் பின்னாளில் மைக்ரோபிலிம் எடுத்து, பெரும்பாலும் 1880 வரையிலானவற்றை 2015-ல் இணையத்தில் இலவசமாக வைத்தது. பஞ்சத்தில் கப்பல் ஏறியவர்களின் பேரன் பேத்திகள் உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம்.

எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது. எந்தச் சபையும் சாராத பொது நிறுவனம் படமெடுக்கட்டும். உயிரோடு இருப்பவர் விவரம் வெளிவராதபடி ஆண்டு வரம்பு இருக்கட்டும். பெயரை எடுத்து யாரும் சடங்கு செய்வதை இது முழுக்கத் தடுக்காது, உண்மைதான். அந்தப் பொறுப்பு சடங்கு செய்பவருடையது. அதற்காக, ஊரை இழந்தவன் தாத்தாவையும் இழக்க வேண்டுமா?