சிலிக்கோன் கூழ் மார்பக உள்வைப்புக் கட்டுப்பாடு (ஐக்கிய அமெரிக்கா, 1992–2006)

சிலிக்கோன் கூழ் மார்பக உள்வைப்புக் கட்டுப்பாடு என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1992 முதல் 2006 வரை, சிலிக்கோன் கூழ் நிரப்பப்பட்ட மார்பக உள்வைப்புகளின் பொதுப் பயன்பாட்டை அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நிறுத்தி வைத்திருந்த நடவடிக்கையைக் குறிக்கும். இக்காலத்தில் மார்பகப் பெருக்கத்தை விரும்பிய பெண்களில் பெரும்பாலோருக்கு உப்புக்கரைசல் நிரப்பிய உள்வைப்பு மட்டுமே கிடைத்தது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள் மருத்துவ ஆய்வுகளில் சேர்வதன் மூலம் சிலிக்கோன் கூழ் வகையைப் பெற முடிந்தது. விரும்பிய வகை கிடைக்காதபோது நோயாளியும் மருத்துவரும் எவற்றைக் கருத்தில் கொண்டு மாற்று வழியைத் தெரிவு செய்கின்றனர் என்பதற்கு இக்காலகட்டம் நன்கு பதிவு செய்யப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

முதலாவது சிலிக்கோன் கூழ் மார்பக உள்வைப்பு 1962 இல் டெக்சாசு மாநிலத்தின் இயூசுட்டன் நகரில் பொருத்தப்பட்டது. தாமசு குரோனின், பிராங்க் ஜெரோ ஆகிய அறுவை மருத்துவர்கள் இதனை வடிவமைத்தனர். டௌ கார்னிங் நிறுவனம் தயாரித்தது. உப்புக்கரைசல் நிரப்பும் வகை 1964 இல் பிரான்சில் அறிமுகமானது.

அக்காலத்தில் மருத்துவக் கருவிகளை விற்பனைக்கு முன் ஆய்வு செய்யும் அதிகாரம் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு இருக்கவில்லை. 1976 இல் இயற்றப்பட்ட சட்டத் திருத்தமே அவ்வதிகாரத்தை வழங்கியது. எனினும், ஏற்கனவே சந்தையில் இருந்த கருவிகள் தொடர்ந்து விற்கப்பட அச்சட்டம் இடமளித்தது. இதனால் இரு வகை மார்பக உள்வைப்புகளும் பாதுகாப்பு குறித்த சான்றுகள் எவையும் கேட்கப்படாமலேயே பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தன. 1988 இல் இவை மிகக் கடுமையான ஆய்வுக்கு உட்படும் மூன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டன. 1991 இல் சிலிக்கோன் கூழ் வகையின் தயாரிப்பாளர்கள் தமது பாதுகாப்புத் தரவுகளைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது.

கட்டுப்பாடு விதிக்கப்படல்

1991 நவம்பரில் கூடிய வல்லுநர் குழு, சமர்ப்பிக்கப்பட்ட தரவுகள் பாதுகாப்பை நிறுவப் போதுமானவை அல்ல என்று கருதியது. ஆயினும் மேலும் ஆய்வுகள் நடைபெறும்போது உள்வைப்புகள் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், உள்வைப்பினால் நோயுற்றதாக வழக்குத் தொடுத்த பெண் ஒருவருக்கு 70 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையை டௌ கார்னிங் வழங்க வேண்டும் என்று சான் பிரான்சிசுக்கோவில் தீர்ப்பளிக்கப்பட்டது.

1992 சனவரி 6 அன்று நிர்வாகத்தின் ஆணையர் டேவிட் கெசுலர், சிலிக்கோன் கூழ் உள்வைப்புகளின் விற்பனையையும் பயன்பாட்டையும் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு தயாரிப்பாளர்களையும் மருத்துவர்களையும் கேட்டுக்கொண்டார். டௌ கார்னிங் மார்ச்சு மாதத்தில் இத்தொழிலிலிருந்து விலகியது. ஏப்ரலில் நிர்வாகம் தனது முடிவை அறிவித்தது. அதன்படி சிலிக்கோன் கூழ் வகை முற்றாகத் தடை செய்யப்படவில்லை; கண்காணிக்கப்படும் மருத்துவ ஆய்வுகளின் வழியே மட்டும் வழங்கப்பட்டது.

இம்முடிவின் அடிப்படை பலரால் தவறாகப் புரிந்து கொள்ளப்பட்டது. உள்வைப்புகள் தீங்கானவை என்று நிறுவப்பட்டுவிட்டது என நிர்வாகம் கூறவில்லை. அவை பாதுகாப்பானவை என்று தயாரிப்பாளர்கள் நிறுவவில்லை என்பதே அதன் நிலைப்பாடு. ஆனால் அப்போது ஐக்கிய அமெரிக்காவில் 10 முதல் 20 இலட்சம் வரையான பெண்கள் மார்பக உள்வைப்புடன் வாழ்ந்து வந்ததாக மதிப்பிடப்பட்டிருந்தது. அவர்களுள் பலர் இவ்வறிவிப்பைத் தமது உடலுக்குள் நஞ்சு இருக்கிறது என்ற எச்சரிக்கையாகவே எடுத்துக் கொண்டனர்.

யாருக்குக் கிடைத்தது

1992 ஆம் ஆண்டு முடிவு நோயாளிகளை இரு பிரிவினராகப் பிரித்தது.

* மீளுருவாக்கம்: மார்பக நீக்க அறுவைக்கு உள்ளானோர், விபத்தாலோ பிறவியிலேயோ மார்பகக் குறைபாடு உடையோர், ஏற்கனவே பொருத்திய உள்வைப்பு பழுதடைந்தோர் ஆகியோர் ஆய்வுகளில் சேர்ந்து சிலிக்கோன் கூழ் வகையைப் பெறலாம். திசு விரிப்பான் பொருத்தப்பட்டு அடுத்த அறுவைக்காகக் காத்திருந்தோருக்கு முன்னுரிமை தரப்பட்டது.
* பெருக்கம்: நலமான மார்பகத்தின் அளவைக் கூட்ட விரும்பியோர், வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையினரைக் கொண்ட ஆய்வுகளில் இடம் கிடைத்தாலன்றி இவ்வகையைப் பெற இயலாது.

கட்டுப்பாட்டுக்கு முன்னர் மார்பக உள்வைப்பு பெற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் பெருக்கத்துக்காகவே பெற்றிருந்தனர். ஆகவே கட்டுப்பாடு இப்பெரும்பான்மையினரையே முதன்மையாகப் பாதித்தது. ஒரு கருவியின் இடர் யாருக்கும் ஒன்றுதான் என்றால், ஒருவருக்கு வழங்கி மற்றவருக்கு மறுப்பது முறையா என்று பெருக்கத்தை விரும்பியோர் தரப்பில் கேட்கப்பட்டது. நோயுற்றவருக்குக் கிடைக்கும் நன்மை பெரிது, எனவே அவர் ஏற்கக்கூடிய இடரும் பெரிது என்பது நிர்வாகத்தின் விடையாக இருந்தது. பாதுகாப்பு உறுதியாகாத பொருள் புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கு மட்டும் எவ்வாறு ஏற்றதாகும் என்று எதிர்த்தரப்பினரும் வினவினர்.

மாற்று வழிகள்

உப்புக்கரைசல் உள்வைப்பு

உப்புக்கரைசல் வகையின் உறையும் சிலிக்கோனால் ஆனதே. சிலிக்கோனை முற்றாகத் தவிர்க்க எண்ணி இவ்வகையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் இதனை அறிந்திருக்கவில்லை. வேறுபாடு உள்ளே இருக்கும் பொருளில் மட்டுமே உள்ளது. உறை வெறுமையாகச் சுருட்டப்பட்டு உள்ளே வைக்கப்பட்ட பின், ஒரு வால்வு வழியாகக் கிருமி நீக்கிய உப்புக்கரைசல் நிரப்பப்படுகிறது.

இதன் நன்மைகள்:

* சிறிய கீறல் போதுமானது.
* அறுவையின்போதே கொள்ளளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். இரு மார்பகங்களும் சமமற்று இருக்கும்போது இது பயன்படும்.
* உறை கிழிந்தால் கரைசலை உடல் உறிஞ்சிக் கொள்கிறது. மார்பகம் சுருங்குவதால் பழுது வெளிப்படையாகத் தெரியும். அதைக் கண்டறியப் படமெடுப்பு தேவையில்லை.

குறைகள்:

* தொடுகையில் இயற்கையான திசுவைப் போல் இராது. நீர் நிரம்பிய பையின் தன்மை உணரப்படலாம்.
* உறையின் மடிப்புகள் தோலின் மேல் அலைகளாகத் தெரியலாம். குறைவாக நிரப்பினால் இது மிகும். மடிப்புகளில் உறை தேய்ந்து கிழியவும் கூடும்.
* பழுதடைந்தால் மார்பகம் விரைவில் தட்டையாகிவிடும். மாற்று அறுவையைத் தள்ளிப்போடுவது கடினம்.

எனவே எவருக்கு இவ்வகை ஏற்றது என்பது உறைக்கு மேலுள்ள திசுவின் தடிப்பைப் பெரிதும் பொறுத்தது. போதிய மார்பகத் திசு உடையவரிடத்து, மார்புத் தசைக்குக் கீழ் பொருத்தப்படும்போது இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு குறைவாகவே தெரியும். மெலிந்த உடலினரிடத்தும், மார்பக நீக்கத்துக்குப் பின் தோல் மட்டுமே எஞ்சியவரிடத்தும் அலைகள் தெளிவாகத் தெரியும். மீளுருவாக்க நோயாளிகளுக்குச் சிலிக்கோன் கூழ் வகை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வாதிட்டதற்கு இது முக்கிய காரணமாகும்.

1992 இல் மாற்றாக முன்வைக்கப்பட்ட உப்புக்கரைசல் வகைக்கும் பாதுகாப்புச் சான்று அப்போது சமர்ப்பிக்கப்பட்டிருக்கவில்லை. 1976 க்கு முன்பிருந்தே விற்பனையில் இருந்தது என்பதாலேயே அதுவும் சந்தையில் நீடித்தது. மென்டர், மெக்கான் ஆகிய நிறுவனங்களின் உப்புக்கரைசல் உள்வைப்புகள் 2000 மே மாதத்திலேயே முறைப்படி ஒப்புதல் பெற்றன. அதற்கான ஆய்வுகளில், மீளுருவாக்கத்துக்காக இவ்வகையைப் பெற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது தெரியவந்தது.

சொந்தத் திசு

உள்வைப்பே இன்றி, நோயாளியின் அடிவயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றை நகர்த்தி மார்பகத்தை அமைக்கலாம். அடிவயிற்றுத் திசுவைப் பயன்படுத்தும் முறை 1982 இல் விவரிக்கப்பட்டது. அமைக்கப்பட்ட மார்பகம் உடலோடு சேர்ந்து மாறும். கிழியவோ மாற்றப்படவோ தேவையில்லை. ஆனால் அறுவை நீண்டது. உடலின் மற்றோரிடத்தில் வடுவும் வயிற்றுச் சுவரில் வலுக்குறைவும் ஏற்படலாம். புகை பிடிப்போர், கட்டுப்படாத நீரிழிவு உடையோர், வயிற்றில் முன்பு பெரிய அறுவை செய்து கொண்டோர் ஆகியோருக்கு இடர் கூடுதலாகும். முதுகுத் திசுவை மட்டும் பயன்படுத்தும்போது போதிய பருமன் கிடைக்காமல், அதனடியில் உள்வைப்பு ஒன்றும் பொருத்த நேரிடுவதுண்டு.

பிற நிரப்பிகள்

ஐரோப்பாவில் சிலிக்கோனுக்கு மாற்றாகச் சோயா எண்ணெய் நிரப்பிய உள்வைப்புகள் 1995 முதல் விற்கப்பட்டன. 1999 மார்ச்சில் இவை ஐக்கிய இராச்சியத்தில் திரும்பப் பெறப்பட்டன. உறையிலிருந்து கசியும் எண்ணெய் சிதைவதால் உருவாகும் பொருட்கள் குறித்த அச்சம் காரணமாக, இவற்றை அகற்றிக் கொள்ளுமாறு 2000 சூனில் பரிந்துரைக்கப்பட்டது. புதிய மாற்று என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

காத்திருத்தலும் தவிர்த்தலும்

அறுவையை ஒத்திவைத்தல், உடைக்குள் அணியும் வெளிப்புறச் செயற்கை மார்பகத்தைப் பயன்படுத்துதல், மார்பகம் இன்றியே வாழ்தல் ஆகியனவும் தெரிவுகளாக இருந்தன. பெருக்கத்தை விரும்பியோர் காத்திருப்பதால் உடல்நலத்துக்குக் கேடில்லை. ஆயினும் 1992 இல் காத்திருக்க முடிவு செய்தவர் 14 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அக்கால அளவை அப்போது எவரும் முன்னறிந்திருக்க இயலாது.

ஆய்வு முடிவுகள்

இணைப்புத் திசு நோய்களுக்கும் முடக்கு வாதத்துக்கும் சிலிக்கோன் காரணமாகிறது என்பதே வழக்குகளின் மையக் குற்றச்சாட்டு ஆகும். 1994 இல் மேயோ மருத்துவமனையினர் உள்வைப்புப் பெற்ற 749 பெண்களை ஆராய்ந்து, அத்தகைய தொடர்பைக் காணவில்லை என்று வெளியிட்டனர். 1999 இல் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, சிலிக்கோன் உள்வைப்புகள் உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களை உண்டாக்குவதாகச் சான்றில்லை என்று கூறியது. உறை கிழிதல், உள்வைப்பைச் சூழும் வடுத்திசு இறுகுதல், தொற்று, மறு அறுவை ஆகிய மார்பகம் சார்ந்த சிக்கல்களே முதன்மையானவை என்றும் அது சுட்டியது.

இம்முடிவுகள் வெளிவருமுன்பே வழக்குகள் பெருகிவிட்டன. 1994 இல் 400 கோடி டாலருக்கும் மேற்பட்ட கூட்டு இழப்பீட்டு உடன்பாடு எட்டப்பட்டது. டௌ கார்னிங் 1995 இல் திவால் பாதுகாப்புக் கோரியது.

கட்டுப்பாடு நீக்கப்படல்

2003 அக்டோபரில் வல்லுநர் குழு 9–6 என்ற வாக்கில் சிலிக்கோன் கூழ் வகைக்கு ஆதரவளித்தது. எனினும் 2004 சனவரியில் நிர்வாகம் ஒப்புதல் அளிக்க மறுத்து, நீண்டகாலத் தரவுகளைக் கேட்டது. 2006 நவம்பர் 17 அன்று அலர்கன், மென்டர் ஆகிய இரு நிறுவனங்களின் உள்வைப்புகள் ஒப்புதல் பெற்றன. கனடாவிலும் அதற்கு முந்தைய மாதத்தில் உரிமம் வழங்கப்பட்டது.

ஒப்புதலின்படி மீளுருவாக்கத்துக்கு வயது வரம்பில்லை. பெருக்கத்துக்கு 22 வயது நிறைந்திருக்க வேண்டும். உப்புக்கரைசல் வகைக்கு இவ்வரம்பு 18 ஆகும். சிலிக்கோன் கூழ் உறை கிழிந்தாலும் கூழ் அங்கேயே தங்கிவிடுவதால் வெளியில் அறிகுறி தெரியாமல் போகலாம். எனவே மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ படமெடுக்குமாறு பரிந்துரைக்கப்பட்டது. 2020 இல் இப்பரிந்துரை மாற்றப்பட்டு, முதற் சோதனை ஐந்தாம் அல்லது ஆறாம் ஆண்டில் மீயொலி அல்லது எம்ஆர்ஐ மூலமும், அதன் பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எனக் குறிக்கப்பட்டது. இச்சோதனைகளின் செலவும் தெரிவின்போது கணக்கில் கொள்ளப்பட வேண்டியதாகும்.

பிற்காலத்தில் இதையொத்த நிலை

2019 இல் மற்றொரு வகை கிடைக்காமற் போனது. சொரசொரப்பான புறப்பரப்புடைய உள்வைப்புகளைச் சூழ்ந்து அரிதாகத் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக, பிரான்சு 2019 ஏப்ரலில் மிகுந்த சொரசொரப்புடைய வகைகளைத் தடை செய்தது. சூலையில் அலர்கன் தனது பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. கண்ணீர்த்துளி வடிவ உள்வைப்புகள் உள்ளே திரும்பிவிடாமல் இருக்கச் சொரசொரப்பே உதவியது. இதனால் அவ்வடிவத்தை விரும்பியோர் பலர் வழவழப்பான உருண்டை வடிவை ஏற்க நேர்ந்தது. ஏற்கனவே பொருத்தப்பட்டு அறிகுறி ஏதும் இல்லாதோர் அவற்றை அகற்றத் தேவையில்லை என்று உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது.

2021 அக்டோபரில் அந்நிர்வாகம், மார்பக உள்வைப்புகள் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் கருவிகள் அல்ல என்னும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அறுவைக்கு முன் இடர்களை ஒவ்வொன்றாகப் படித்து நோயாளி ஒப்பமிடும் சரிபார்ப்புப் பட்டியலும் கட்டாயமாயிற்று. எவ்வகையைத் தெரிவு செய்தாலும் பிற்காலத்தில் மறு அறுவைக்கு வாய்ப்புண்டு என்பது இரு வகைகளுக்கும் பொதுவானதாகும்.

இவற்றையும் பார்க்க

* மார்பகப் புற்றுநோய்
* மார்பக நீக்க அறுவை
* சிலிக்கோன்
* ஒட்டறுவை மருத்துவம்