தைராய்டு சுரப்புக் குறைவும் இளம் வயதினரின் சோர்வும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே உள்ள தைராய்டு சுரப்பி, உடலுக்கு வேண்டிய அளவு ஹார்மோனைச் சுரக்காத நிலையே தைராய்டு சுரப்புக் குறைவு. வளர்ந்தவர்களிடம் இச்சுரப்பி ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் எடை இருக்கும். இது தைராக்சின் எனப்படும் டி4, டிரைஅயோடோதைரோனின் எனப்படும் டி3 என்னும் இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடலின் ஒவ்வொரு உறுப்பும் எந்த வேகத்தில் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்பதை இவையே பெருமளவு முடிவு செய்கின்றன. ஆகவே குறைவு ஏற்படும்போது இதயம், குடல், தசை, தோல், மனம் என எல்லாமே மந்தமாகின்றன. நோயாளி முதலில் சொல்லும் புகார் பெரும்பாலும் அசதிதான்.

இருபது, முப்பது வயதுகளில் இந்நோய் ஓசையின்றி வருகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தும் உடம்பு கனக்கிறது. படித்தது மனத்தில் தங்குவதில்லை. மற்றவர்கள் வியர்க்கும் அறையில் இவருக்குக் குளிர்கிறது. மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், காலையில் முகம் வீங்கியிருத்தல், கரகரத்த குரல், தசைப்பிடிப்பு, மெதுவான நாடித்துடிப்பு ஆகியவை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் மிகுதியாகவோ தாறுமாறாகவோ ஆகலாம். இரவுப் பணி, தேர்வு, கைக்குழந்தை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் கிடைத்துவிடுவதால், இவை ஒரே நோயின் அடையாளங்கள் என்பது எளிதில் தெரிவதில்லை. சோம்பேறி என்று வீட்டாரிடம் பேச்சு வாங்கியபடி ஆண்டுகளைக் கழிப்பவர்களும் உண்டு. பெண்களிடம் இந்நோய் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, சுமார் 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகக் கண்டது.

உடல் எடை பற்றிப் பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியுள்ளது. தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான். அதிலும் பெரும்பங்கு உடலில் தங்கும் உப்பும் நீரும். இருபது கிலோ கூடியதற்குத் தைராய்டை மட்டும் குற்றம் சாட்ட முடியாது.

காரணம்

இன்று அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் முதன்மைக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் தைராய்டையே அந்நியமாகக் கருதித் தாக்கிச் சிதைக்கும் நோய் இது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவில் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதைக் கண்டு 1912இல் ஜெர்மன் மொழி ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். பின்னர் சொந்த ஊர் திரும்பி எளிய ஊர் மருத்துவராகவே வாழ்ந்து 1934இல் மறைந்தார். அவர் கண்டது தன்னெதிர்ப்பு நோய் என்பது 1956இல்தான் நிறுவப்பட்டது.

அயோடின் பற்றாக்குறை இந்தியாவில் ஒரு காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியின் குழு 1956 முதல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டியது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்ற விதி 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அந்த வெற்றியைக் காக்க வேண்டியது நம் சமையலறைகள்தாம். அயோடின் சேர்க்காத கல்லுப்பையும் இந்துப்பையும் உடலுக்கு நல்லவை என்று எண்ணி, அவற்றை மட்டுமே பயன்படுத்தும் வீடுகள், குறிப்பாகக் கர்ப்பிணிகள் உள்ள வீடுகள், இதைக் கவனிக்க வேண்டும். மறுபுறம், ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர் தாமாக அயோடின் மாத்திரை விழுங்கினால் சுரப்பு மேலும் குறையலாம். முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றைச் சமைத்து அளவோடு உண்பதால், அயோடின் போதுமான அளவு பெறுபவருக்குத் தீங்கில்லை.

பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி, லித்தியம், அமியோடரோன் போன்ற மருந்துகள், கழுத்து அறுவைச் சிகிச்சை, கதிரியக்க அயோடின் சிகிச்சை ஆகியவை பிற காரணங்கள்.

பரிசோதனையும் அதைப் படிக்கும் முறையும்

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்எச் என்னும் ஹார்மோனால் தைராய்டை ஏவுகிறது. தைராக்சின் சற்றே குறைந்தாலும் டிஎஸ்எச் பல மடங்கு உயரும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது டிஎஸ்எச்தான். பல ஆய்வகங்களில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இயல்பாகக் கொள்ளப்படுகிறது. டிஎஸ்எச் உயர்ந்து, ரத்தப் புரதத்தோடு ஒட்டாத தனித்த டி4 தாழ்ந்திருந்தால் நோய் உறுதி. டிஎஸ்எச் சற்று உயர்ந்து டி4 இயல்பாக இருந்தால் அது ஆரம்பநிலைக் குறைவு. இந்த இடைநிலைதான் இளைஞர்களை அதிகம் குழப்புகிறது. 5 அல்லது 6 என்ற எண்ணைக் கண்டதும் ஆயுள் முழுதும் மாத்திரை என்று முடிவுகட்டத் தேவையில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்கு அது தானே இயல்புக்குத் திரும்பியிருக்கும். தைராய்டுக்கு எதிராக உடல் உண்டாக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் நோய் முற்றும் வாய்ப்பு அதிகம். டிஎஸ்எச் எண் 10ஐத் தாண்டினாலோ, கர்ப்பம் இருந்தாலோ, கர்ப்பம் தரிக்க விரும்பினாலோ சிகிச்சைக்கான வாதம் வலுக்கிறது.

இந்த எண்ணே சில வேளைகளில் தவறாக வழிகாட்டும். கடும் காய்ச்சலின்போதோ, அதிலிருந்து மீளும்போதோ டிஎஸ்எச் தற்காலிகமாக மாறும். முடி உதிர்வுக்காக இளைஞர்கள் விரும்பி எடுக்கும் பயோட்டின் மாத்திரை, பல ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்எச்சைக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டி உண்மையான குறைவை மறைத்துவிடக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்த வேண்டும். கோளாறு பிட்யூட்டரியிலேயே இருந்தால் டிஎஸ்எச் இயல்பாகத் தோன்றலாம், டி4தான் தாழ்ந்திருக்கும். பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போனால் பிட்யூட்டரி இப்படிப் பாதிக்கப்படலாம்; அப்படி ரத்தம் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிடாய் திரும்பாமல், சோர்ந்தே இருக்கும் பெண்ணுக்கு டிஎஸ்எச்சை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடாது.

சோர்வுக்கான பல காரணங்களில் தைராய்டும் ஒன்று, அவ்வளவுதான் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ளது. எனவே டிஎஸ்எச் எழுதும் சீட்டில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் சர்க்கரையும் இடம்பெற வேண்டும். வைட்டமின் பி12 குறை, காசநோய், குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகியவையும் இதே அசதியைத் தரும்.

சிகிச்சை

ஆங்கில மருத்துவர் வில்லியம் கல் 1873இல் வளர்ந்த பெண்களிடம் இந்நோயை விவரித்தபோது மருந்தே இல்லை. 1891இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரி, ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தார். இன்று அதே ஹார்மோன் லீவோதைராக்சின் என்னும் சிறிய மாத்திரையாக மலிவு விலையில் கிடைக்கிறது.

முழுக் குறைவுள்ள இளைஞருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்தே டிஎஸ்எச் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்ப்பது வீண். கர்ப்பம் உறுதியான உடனே மருந்தின் அளவு பெரும்பாலும் கூடும் என்பதால் மருத்துவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் தைராக்சினையே நம்பியிருக்கிறது.

நலம் திரும்பியதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது வழக்கமாக நேரும் தவறு. சில வாரங்களில் பழைய அசதி மீண்டும் வந்துவிடும். டிஎஸ்எச் இயல்பாகி மூன்று, நான்கு மாதங்கள் கடந்தும் சோர்வு தீரவில்லை என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டக் கேட்காதீர்கள். தேவைக்கு மிஞ்சிய தைராக்சின் நெஞ்சைப் படபடக்கச் செய்து எலும்பைக் கரைக்கும். வேறு காரணத்தைத் தேடித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள்.